சாவி இருந்தும் கிளம்பாத கார்

கார்களுக்குள் இருக்கும் கணினிகளைத் திருட்டுக் கைகளிடமிருந்து காப்பாற்றுவது என் பிழைப்பு. பெங்களூரில் ஒரு கம்பெனி. இந்தக் காலத்துக் கார்களில் பிரேக், என்ஜின், கதவுப் பூட்டு எல்லாம் கம்பி வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இணைய வசதியும் உண்டு. எவனோ உள்ளே புகுந்து கதவைத் திற என்றால், நீ யார் என்று கேட்காமல் திறந்துவிடும் அப்பாவிகள் அவை. அவற்றைக் கேட்க வைப்பதுதான் என் வேலை. இதைச் சொல்லிச் சொல்லியே, வீட்டில் யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்து இண்டூருக்குப் பக்கம். நான் வாங்கிய கார் அங்கே அண்ணன் பொறுப்பில் நிற்கிறது. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. காரோ டிராக்டரோ, சாவி வாசல் ஆணியில் தொங்கும். ஆஸ்பத்திரி அவசரம் என்றால் ஓட்டத் தெரிந்தவர் எடுத்துக்கொண்டு போகலாம், கேட்க வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம்தான். பாதுகாப்பு நிபுணர் என்று விசிட்டிங் கார்டு அடித்த பிறகு எனக்கு அது பொறுக்கவில்லை.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். நான் பட்டப்பகலிலேயே பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் ஆப்பிலிருந்து அண்ணனின் நம்பரை நீக்கினேன். சாவி போட்டாலும் நான்கு இலக்க எண்ணைத் தட்டினால்தான் வண்டி கிளம்பும்படி செய்தேன். எண் என்ன என்று அண்ணன் கேட்டதற்கு, இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது ரகசியமே இல்லை, போன் செய்தால் பெங்களூரிலிருந்தே திறந்துவிடுவேன் என்று வகுப்பெடுத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாவியைப் பழையபடி வாசல் ஆணியில் மாட்டினார். அசந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை, எதிர்வீட்டுப் பெரியப்பாவைக் கடலைக் காட்டில் பாம்பு கடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். அண்ணன் அவரைப் பின்சீட்டில் கிடத்திவிட்டுச் சாவியைத் திருகினால், திரை எண்ணைக் கேட்டிருக்கிறது. எனக்கு போன் அடித்திருக்கிறார். அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் சோதனைக்கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வெளியே பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். அந்த விதியைக் கொண்டுவரச் சொல்லி மேலதிகாரிக்கு மெயில் போட்ட புண்ணியவதியும் நான்தான். கடைசியில் பெரியப்பாவை பைக்கில் நடுவே உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

உயிர் தப்பிவிட்டது. சாப்பாட்டு வேளையில் வெளியே வந்து போனைப் பார்த்தவள், அப்படியே பஸ் நிலையத்துக்கு ஓடினேன். தர்மபுரி வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

வார்டில் பெரியப்பா கால் வீங்கிப் படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. வண்டித் திருட்டு, இணையத் தாக்குதல் என்று விளக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பூட்டிக்க கண்ணு, உன் வண்டி. பூட்டிட்டேன்னு தெருவுல ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, உங்க வூட்டுக்கு ஓடியாந்திருக்க மாட்டோம். நேரா பைக்குலயே போயிருப்போம்."

தாமதத்தால் கால்விரல் இரண்டை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை. வெளியே வந்த பிறகு அண்ணன்தான் சொன்னார்.