மரத்துக்காக மில்லுக்குள் தனியாக வந்தவர்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஒரு இறாத்தல் பாண் ரொட்டிக்கு விடியவே கியூவில் நிற்க வேண்டியிருந்த காலம். வெள்ளவத்தையில் வீடு, மட்டக்குளியில் வேலை. இரண்டு பஸ் மாறிப் போய், ஒட்டுப்பலகை செய்கிற ஒரு மில்லின் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தேயிலை ஏற்றுவதற்குப் பெட்டி வேண்டுமே, அதற்கான பலகைதான் அங்கே செய்தோம். தெற்கே இருக்கிற பெரிய மழைக்காட்டிலிருந்து லொறி லொறியாக மரம் வந்து இறங்கும். அந்தக் காட்டைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. லொறி வராவிட்டால் சம்பளம் வராது, அவ்வளவுதான் தெரியும்.

அந்தக் காட்டில் இனி மரம் வெட்டக்கூடாது என்று ஒரு பெண் பேசவும் எழுதவும் தொடங்கியிருந்தார். தாவரவியல் படிப்பிக்கிறவர், சிங்களப் பெண்; நான் பிறகு மிஸ் என்றே கூப்பிட்டவர். ஆம்பிளைகளே தயங்குகிற அந்தக் காட்டுக்குள், கால் நிறைய அட்டை ஏற, மாதக்கணக்கில் திரிந்தவர். வேறெந்த நாட்டிலும் இல்லாத மரங்கள் அங்கே நிற்கின்றன, அவை எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முந்தியவை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மந்திரிமாரின் வாசல்களில் காத்து நின்றார். அப்போது அப்படி ஒரு வேலையில் இறங்கிய வேறு பெண்ணை நான் கேள்விப்பட்டதில்லை. பேப்பர்காரர்கள் அவரைப் புகழ்ந்தார்கள். எங்கள் மில்லில் அவருக்கு வேறு பெயர்: மில்லை மூட வந்தவள்.

தைரியமிருந்தால் எங்கள் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும் என்று யூனியன்காரர் ஆள் அனுப்பினார்கள். வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

வந்துவிட்டார். ஒரு பின்னேரம், ஷிப்ட் மாறுகிற நேரம். நூல் சேலை, கறுப்புக் குடை, தடித்த கண்ணாடி. துணைக்கு யாரும் இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்திருந்தார். அவர் உள்ளே வந்ததும் யாரோ கேட்டைச் சாத்திச் சங்கிலி போட்ட சத்தம் மேலே ஆபீசுக்குக் கேட்டது. மேனேஜர் எழும்பி ஜன்னலால் எட்டிப் பார்த்தார். "எங்களுக்கேன் இது" என்று சொல்லி ஜன்னலைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தொழிலாளி மேலே ஓடிவந்தார். "அக்கா, கீழ வாங்க. அந்தம்மா சிங்களத்துல பேசுது. எங்காளுக நெறயப் பேருக்கு சரியா வெளங்கல." எங்கள் மில்லில் பாதிப்பேர் சிங்களவர். மற்றவர்கள் தேயிலைத் தோட்டத்தில் பட்டினி தாங்காமல் மலையிலிருந்து இறங்கி வந்து, கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் ஒண்டிக்கொண்டிருந்த தமிழர்கள். எனக்கு இரண்டு பாஷையும் ஓடும். மேனேஜரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் படியிறங்கினேன்.

மரம் அடுக்கிவைத்திருந்த முற்றத்தின் நடுவில் அவர் நின்றார். சுற்றிவர ஆட்கள். மெஷின் எல்லாம் நிறுத்தியிருந்ததால் ஒரு இருமல் கூடப் பெரிதாகக் கேட்டது. என்னைப் பார்த்ததும், "நங்கி" என்று தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

முதலில் காட்டைப் பற்றிச் சொன்னார். மழை, ஆறு, கீழே இருக்கிற வயல்கள் என்று. நான் தமிழில் சொல்லச் சொல்ல முணுமுணுப்புத்தான் கூடியது. அப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒருவர் முன்னுக்கு வந்தார். மரம் உருட்டுகிற பகுதியில் வேலை செய்கிறவர், நல்ல உயரம், அதிகம் கதைக்காத மனுஷன். கையில் மரம் நெம்புகிற இரும்பு அலவாங்கு. வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். ஆனால் அதைக் கீழே வைக்கவும் இல்லை.

"மழக் கதயெல்லாம் வேணாம். ஒன்னே ஒன்னு கேளுங்க அந்தம்மாகிட்ட. மரம் வெட்டுறத நிப்பாட்டுனா இந்த மில்லு மூடுமா மூடாதா?"

நான் கேட்டேன். "பார்ப்போம், அரசாங்கம் ஏதாவது வழி செய்யும்" என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிங்களத்தில் சொன்னார்: "மூடும். வேறு மரம் கிடைக்கிற வரைக்கும் மூடித்தான் இருக்கும்."

சிங்களம் விளங்கியவர்கள் பக்கத்திலிருந்து ஒரு இரைச்சல் எழும்பியது. மற்றவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதை அப்படியே சொன்னால் இவரை அடித்துவிடுவார்கள், என்னையும் சேர்த்து அடிப்பார்கள் என்று தோன்றியது. கொஞ்சம் மாற்றிச் சொன்னால் என்ன என்று நினைத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்குச் சிங்களம் போதாது, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார், "ஏக எஹெமம கியன்ன, நங்கி." அதை அப்படியே சொல்லுங்கோ, தங்கச்சி.

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல முடியாது. கத்தல். பின்னாலிருந்து ஒரு மரத்துண்டு பறந்து வந்து அவருடைய நெற்றியோரம் பட்டது. கண்ணாடி தெறித்துப்போய் மரத்தூளுக்குள் விழுந்தது. நான் அவருடைய கையைப் பிடித்து ஆபீஸ் பக்கம் இழுத்தேன். அவர் அசையவில்லை. சேலைத் தலைப்பால் இரத்தத்தை ஒற்றிக்கொண்டு, கண்ணாடியில்லாமல் கண்ணைச் சுருக்கி, அலவாங்கு வைத்திருந்தவர் எங்கே நிற்கிறார் என்று தேடி, அவரைப் பார்த்தே கதைத்தார். இப்படியே வெட்டினால் இன்னும் சில வருஷத்தில் காடு முடிந்துவிடும், அப்போதும் மில் மூடத்தான் வேண்டும் என்றார்.

நான் தமிழில் சொன்னதும் அந்த மனுஷன் இன்னும் கிட்ட வந்தார். "இன்னும் சில வருசம்னா, அந்தச் சில வருசமும் எம் புள்ளைக சோறு திங்கும்ல? தோட்டத்துல ஒரு புள்ளயப் பட்டினில பறிகுடுத்துட்டு வந்தவன் நான். அதுக்கு என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

கேட்டேன். மிஸ் அதைக் கேட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சொன்னார்: "உங்கட பிள்ளைகள் பசி கிடக்காது எண்டு பொய் சொல்ல நான் வரேல்ல. அந்தக் காட்டை வெட்ட விடவும் மாட்டேன். ஆனா உங்களுக்கு வேறு மரம் கிடைக்கிறதுக்கு நான் அலைவேன். அது சரிவரும் எண்டு வாக்குத் தரமாட்டேன்."

நான் கடைசிச் சொல்லைத் தமிழில் முடித்தபோது அலவாங்கு உயர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், அவர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"வழி விடுங்கடா," என்றார். "மொதலாளி நம்மகிட்ட ஒருநாளாவது இப்படி உள்ளதச் சொல்லியிருக்கானா?"

வழி உடனே விடவில்லை. ஒருவன் அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தான், இன்னொருவன் மிஸ்ஸின் காலடியில் துப்பினான். அப்படியே இடிபட்டு இடிபட்டு கேட் வரைக்கும் போனோம். சங்கிலியை அந்த மனுஷனே கழற்றினார். பஸ் ஹோல்ட் வரை கூட வந்து, பஸ் வரும் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். காயத்துக்காக அழவில்லை. "அந்தப் பிள்ளை, அந்தப் பிள்ளை" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். கொட்டாஞ்சேனையில் ஒரு டிஸ்பென்சரியில் இறக்கி நெற்றிக்குத் தையல் போட்டு, நான் வெள்ளவத்தைக்கு வந்து சேர விளக்கு வைத்துவிட்டார்கள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

காட்டில் வெட்டுவது பிறகு நின்றது. அவரோடு சேர்ந்து இன்னும் பலர் கத்தினதால்தான் நின்றது. மில்லும் மூடியது. எனக்கும் வேலை போய், பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துத்தான் சமாளித்தேன். மிஸ் சொன்னபடியே ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கினார். தோட்டங்களில் பால் வற்றி வெட்டுகிற ரப்பர் மரத்தை மில்லுக்கு எடுத்துக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார். நீண்ட நாளைக்குப் பிறகு, ரப்பர் மரத்தோடு மில் திறந்தது. எல்லாருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அலவாங்கு வைத்திருந்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவருடைய பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மிஸ்ஸுக்கும் கடைசிவரை தெரியாமல்தான் இருந்திருக்கும்.

மிஸ் காலமான பிறகுதான் ஒருநாள் அந்தக் காட்டைப் பார்க்கப் போனேன். உள்ளே மத்தியானத்திலேயே இருட்டு, இலைகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. ஒரு பெரிய மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அட்டை ஏறியது கூடத் தெரியவில்லை. இதை யார் காப்பாற்றினார்கள் என்று யாராவது கேட்டால் நான் அவருடைய பெயரைத்தான் சொல்வேன், ஆனால் அந்த நிழலுக்கு விலை கொடுத்தவர்களில் வேலை இழந்த, அவரைப் புகழக் காரணமே இல்லாத வீடுகளும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், அன்றைக்கு அவர் என்னை அப்படியே சொல்லச் சொன்னதை நான் பாதிதான் சொன்னவளாவேன்.