கறிக்கடை அத்தையின் இடது கை

கறிக்கடை அத்தைக்குச் சாந்தமாகப் பேச வராது. வாரம் ஆறு நாள் எலும்பு வெட்டுகிறவளுக்கு ஏழாம் நாள் மட்டும் குரல் எப்படி இறங்கும்? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையின் பின்னறையில் பதினாலு, பதினாறு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு அவள்தான் வகுப்பு எடுப்பாள். கர்த்தர் தன்னை எதற்குப் படைத்தார் என்று ஆளுக்கொரு துண்டுத்தாளில் எழுதி வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்க வேண்டும். பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தால் மண்டையில் குட்டு விழும்.

"அவன் டாக்டர் ஆவான், இவ பாட்டு பாடுவா. உனக்கென்ன வந்துச்சு? உன் தாளைப் பாருடா! உனக்குன்னு அவர் வெச்ச வேலைய, எவன் குறுக்கே நின்னாலும் முடிச்சே தீரணும்."

உதாரணத்துக்குத் தன் கதையையே சொல்வாள். குடித்துவிட்டு வந்து தினம் பெல்ட்டால் விளாசிய புருஷன். ஒருநாள் அவன் விட்ட குத்தில் பல் உடைந்து தரையில் விழுந்ததும், இவள் வெட்டுக்கத்தியைத் தூக்கிவிட்டாள். "ஓடினான் பாரு ஓட்டம்! செருப்பைக்கூட எடுக்கல!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தக் கதைக்கு இன்னொரு பாதி இருந்தது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பூச்சி என்று பெயர். வாயில்லாப் பூச்சியின் சுருக்கம். ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவள் அவள்தான். அவள் தாளில் ஒரே சொல்: 'வாசிக்க.' அத்தைக்கு அவள் என்றால் உயிர்.

ஒரு புதன்கிழமை பூச்சியின் அண்ணனை, வண்டி நிறுத்துகிற தகராறில், மார்க்கெட் மேஸ்திரி இழுத்துப்போட்டு இரும்புக் குழாயால் அடித்தான். முழங்கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியது. சாப்பாட்டுத் தூக்கோடு வந்த பூச்சி அதைக் கண்ணால் பார்த்தாள். சுற்றி நின்ற நாற்பது பேரில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலை அத்தை கடையின் உள்ளறைக்குப் போய்த் திரும்பினால், வெட்டுக்கட்டைக்குப் பக்கத்தில் பூச்சி. கையில் பெரிய கத்தி. எதிர்ப்பக்கத்து டீக்கடையில் மேஸ்திரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"கீழே வைடி அதை!"

"என்னை விடுங்க அத்தை."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

பூச்சி தன் தாளை எடுத்து நீட்டினாள். பழைய சொல்லை அடித்துவிட்டு, 'அவன் காலை வெட்ட' என்று எழுதியிருந்தாள். "நீங்கதானே சொன்னீங்க, எவன் குறுக்கே நின்னாலும்னு? நீங்க கத்திய எடுத்ததும் உங்க வீட்டுக்காரர் ஓடலையா?"

ஐயோ, இதையா இந்தப் பிள்ளை படித்துக்கொண்டது! அத்தை ஓடிப்போய் வாசலில் இரண்டு கையையும் கதவுநிலையில் ஊன்றி நின்றாள். பூச்சி தலையால் முட்டினாள். அத்தை ஓங்கி அறைந்ததில் பெண்ணின் உதடு கிழிந்தது, எலும்புத் தொட்டிமேல் போய் விழுந்தாள். எழுந்தவள் கண்மண் தெரியாமல் கத்தியை வீசினாள்.

அது நிலையில் ஊன்றியிருந்த இடது கையில் இறங்கியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் படியில் விழுந்தன.

அலறியது பூச்சிதான். கத்தி அவள் காலடியில் விழுந்தது. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தாள். ரத்தம் முழங்கையைத் தாண்டிக் கொட்டியது.

"அழாதே. துணிய எடு. சுத்தி, ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடி. நீ விட்டா நான் செத்தேன்."

அலறல் கேட்டு மேஸ்திரி டீ கிளாஸோடு வந்து வாசலில் நின்றான். "என்னக்கா ஆச்சு?" அவன் கால் பூச்சிக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கத்தி அதைவிடப் பக்கத்தில். அவள் கத்தியைப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள். ஆனால் துணியிலிருந்து ஒரு விரலைக்கூட எடுக்கவில்லை.

"கத்தி நழுவிடுச்சு," என்றாள் அத்தை. "நீ எடத்தைக் காலி பண்ணு."

எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, கட்டுப்போட்ட கையோடு அத்தை வகுப்புக்கு வந்தாள். யாரையும் குட்டவில்லை.

"நான் உங்களுக்குப் பாதிக் கதைதான் சொன்னேன். கத்திய நான் சும்மா காட்டல, வீசினேன். என் புருஷன் காது அறுந்துச்சு. பின்னாடி எட்டு வயசுல என் மகன் நின்னான். ரத்தம் அவன் மூஞ்சியெல்லாம். என்னைப் பார்த்து அலறிக்கிட்டே அப்பன் கையப் பிடிச்சுட்டு ஓடினான். இன்னிக்கும் ரோட்டுல என்னைக் கண்டா அந்தப் பக்கம் போயிடுவான். கர்த்தர் என் தாள்ல எழுதியிருந்த ஒரே வேலை அவன வளர்க்கிறதுதான், பிள்ளைங்களா."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பூச்சி எழுந்து நின்றாள். "அத்தை கையில கத்தி நழுவல. நான்தான் வெட்டினேன்."

"தெரியும். உக்காரு," என்ற அத்தை, ரத்தக்கறை காய்ந்த அந்தத் துண்டுத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பின்பக்கம் காலியா இருக்கு. எழுது."

பூச்சி குனிந்து வெகுநேரம் எழுதினாள். ஒரே சொல்தான். அத்தையால் பொறுக்க முடியவில்லை. வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து முதல் முறையாக அவள் அடுத்தவர் தாளை எட்டிப் பார்த்தாள். அடித்துப்போட்ட அதே பழைய சொல்: 'வாசிக்க.' பார்த்ததும், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், வாய்விட்டு அழுதாள்.