ஆலைக் குளத்துப் பொய் இறால்

எங்கள் தோட்டத்து விதி தெளிவானது: ஆலைக் குளத்தில் உயிருள்ள இரையைப் போடக்கூடாது, மீன் பிடிக்க மானேஜரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். புகைக்கூண்டின் வாடையும் ரப்பர் பாலை உறையவைக்கும் அமிலத்தின் புளிப்பும் வீசிய அந்தக் கரையில், சிடாம் கிரி என்ற ஊர்ப் பக்கத்தில், இந்த விதியை முழுதாகப் படித்த ஒரே ஆள் பதினோரு வயதுச் சிறுமியான நான்தான்.

என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் மாப்பிள்ளையின் ஊரான லூனாசுக்குப் போய்விடுவாள். அதற்குள் ஒரு ‘செபாராவ்’, இறாலை விரட்டித் தின்னும் அந்த முரட்டு மீனை, தன் கையால் பிடித்துப் பெரிய வெள்ளியன்று குழம்பு வைக்கவேண்டும் என்பது அவள் ஆசை. உயிர் இறால் கூடாதென்பதால், ரப்பர் பாலைத் தட்டில் மெல்லியதாகக் காயவைத்து, அந்தத் தோலை வெட்டித் தூண்டில்முள்ளில் வளைத்துக் கட்டி, கால்களுக்குக் கோழி இறகு வைத்துப் பொய் இறால் செய்தோம். ஈயம் கட்டாத அந்த இறகுக் கனத்தை மூங்கில் கழியால் சுண்டி எறியவே இரண்டு நாள் பழகவேண்டியிருந்தது. நான் முறைப்படி விண்ணப்பம் எழுதி, ஆபீஸ் கணக்கரான ‘கிராணி’யாரிடம் கொடுத்தேன். கேட்டபோதெல்லாம், “மேல போயிருக்கும்மா, பதில் வரும்” என்றார்.

பதில் வரும்வரை எறிந்து பழகுவது மட்டும்தான் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஒரு வாரம் ஒரு மீனும் சீண்டவில்லை. பாலில் கேசரிப் பவுடர் கலந்து இறாலைச் செக்கச்செவேலென்று செய்திருந்தோம். நாங்கள் இறாலை உற்றுப் பார்த்ததெல்லாம் மிளகாய்ச் சம்பால் கொதிக்கும் சட்டியில்தான். அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார்: “வெந்த எறா எந்த ஆத்துலடி நீந்துது?”

மறுநாள் சாயமில்லாத இறாலை அக்கா சுண்டினாள். இரண்டாம் இழுப்பிலேயே கழி வளைந்தது. முழங்கை நீளத்தில், கறுப்புப் பட்டையோடு, கரையில் துள்ளியது செபாராவ்.

“அக்கா, பதில் இன்னும் வரல. விட்டுரு.”

“உன் சூராட்டுக் கடுதாசியப் பாத்துட்டாடி மீன் வந்துச்சு?”

அப்பாவுக்கு ஆலையில் வேலை போய்விடும் என்று நான் அழுதேன். அக்கா மீனைத் தண்ணீரில் விட்டாள். அந்தப் பெரிய வெள்ளிக்குக் கருவாடு. கல்யாணம்வரை அவள் என்னிடம் பேசவில்லை.

பிறகு நான் அரசாங்க அலுவலகத்தில் பிறருடைய கடிதங்களுக்குப் பதில் எழுதியே ஓய்வுபெற்றேன். தோட்டத்தில் இப்போது புகைக்கூண்டு இல்லை, ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஆனால் குளம் இருக்கிறது, இன்று பொழுதுபோக்குப் பூங்காவாக. அதன் பலகையில் அதே விதி, புதுப் பெயிண்டில். விண்ணப்பித்தேன், என் முதல் விண்ணப்பத்தையும், அது நிலுவையில் இருப்பதையும் மேற்கோள் காட்டினேன், மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். பால் கிடைக்காததால் ரப்பர் கையுறையை வெட்டி நான்கு இறால் கட்டியிருக்கிறேன், சாயமில்லாமல்.

“இந்தத் தடவையும் விடச் சொன்னே, உன்னைத்தான் கொளத்துல தள்ளுவேன் லா” என்றாள் அக்கா போனில். முட்டிவலிக்காரி, மடக்கு நாற்காலிகூட வாங்கிவிட்டாள்.

இரண்டு பேருக்கு அனுமதி, பிடித்த மீனை எடுத்துச் செல்லலாம் என்று பதில் வந்த நாள்: இந்த ஆண்டுப் பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை.