டாலிகஞ்சுக்கு வந்த பாலைவனக் கோபுரம்

"ஏற்கெனவே நனைஞ்சு கிடக்கிற காத்தை இன்னும் நனைச்சா எப்படிடா குளிரும்?"

பஷீரா சாச்சி என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று புரியாமல் என் சித்தப்பாவான சாச்சாவின் கூரைத்தகட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த காலம் அது. உண்மையில் கேள்வி எனக்கானதல்ல. பக்கத்தில் நின்ற தன் கணவர் காதில் விழ வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தம்.

சாகுல் ஹமீது சாச்சா பல வருடம் பாலைவன நாட்டில் வேலை பார்த்தவர். எந்தப் பேச்சையும் "அங்கெல்லாம்" என்றுதான் தொடங்குவார். எங்கள் தீவின் டாலிகஞ்சில் இருக்கும் சின்னப் பள்ளிவாசலைப் புதிதாகக் கட்ட முடிவானதும், ஏசியே வேண்டாம் என்று ஜமாத்தில் எழுந்து சொன்னார். கனமான சுவர், சின்ன ஜன்னல், கூரைமேல் காற்றைப் பிடிக்க ஒரு கோபுரம், அதன் வாயில் நனைத்த பாய்கள். "அங்கெல்லாம் இதுலயே ஜில்லுனு இருக்கும்!"

ஜமாத் தலைவர் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை: ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்குள் குளிராவிட்டால் ஏசியும் ஜெனரேட்டரும் வாங்கப்படும். அதன்பின் சாகுல் பாய் யோசனை சொல்லக் கூடாது. யோசனை சொல்லாமல் சாச்சாவால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

பள்ளிவாசலைக் கட்டித் திறந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, தொழுதுவிட்டு வெளியே வந்தவர்களின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அரே சாகுல் பாய், தொழ வந்தோமா, இட்லிச் சட்டியில வேக வந்தோமா?" என்றார் தலைவர்.

"கோபுரம் புதுசு. கொஞ்சம் பழகணும்."

பாசிதான் பழகியது. மறுவாரமே பாய்கள் பச்சையாகின.

சாச்சி கொடியில் கிடந்த கைலியைக் காட்டினார். "நாலு நாளா காயல. இதையும் உங்க கோபுரத்துல போடுங்களேன்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தண்ணீர் உலரும்போதுதான் சூட்டை எடுத்துக்கொள்ளும். பாலைவனத்தின் வறண்ட காற்று நனைந்த பாயை விரைவில் உலர்த்திவிடும். நம் தீவுக் காற்றிலோ ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது.

சாச்சா போய்ப் பாய்களில் இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். ஆனால் அடுத்த வெள்ளி, இமாம் பயான் என்னும் மார்க்க உரை நிகழ்த்தும்போது உள்ளே சாச்சா மட்டும் வியர்த்து உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லாரும் செருப்பு விடும் தாழ்வாரத்தில் கடல்காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். சாச்சா அந்தத் தாழ்வாரத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

தொழுகை முடிந்ததும் கான்ட்ராக்டர் பன்னீர்செல்வத்துக்குப் போன் போட்டார். "பன்னீரு, ரெண்டு பக்கச் சுவரையும் உடைக்கணும். தூண் மட்டும் நிக்கட்டும்."

"பாய், நீங்கதானே கனமா கட்டச் சொன்னீங்க?"

"அதனாலதான் சொல்றேன். உடைக்க நேரமாகும், சீக்கிரம் வா."

ஜமாத்திலும் அவரே போய்ச் சொன்னார்: "நான் கொண்டாந்த பிளான் வேற ஊரு காத்துக்கு." சுவர் இருந்த இடத்தில் அகலமான திறப்புகள் வந்தன. மழைச் சாரல் அடிக்காமல் சுற்றிலும் கூரையை நீட்டினார்கள். கோபுரத்தில் பாய்களை எடுத்துவிட்டு மேலே மூடி போட்டார்கள். உள்ளே சேரும் சூடு இப்போது அதன் பக்கவாட்டுத் திறப்புகள் வழியாக வெளியேறுகிறது.

நோன்பின் முதல் வெள்ளியன்று கொட்டும் மழை. கரண்டும் இல்லை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. பயான் முடிந்த கையோடு ஒருவர், "ஏசி எப்ப வாங்குறது?" என்று கேட்டார்.

"மெதுவா பேசுப்பா," என்றார் சாச்சா. "தலைவர் தூங்குறாரு."

இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. உடைச்சதையும் சேர்த்து எழுது," என்றார். ஆகவே, நம் தீவுகளில் திக்லிபூரிலோ பாராடாங்கிலோ யாராவது வெளியூர்க் கட்டடத்தின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு கொத்தனாரைத் தேடினால், சிமெண்ட் குழைப்பதற்குள் இந்தக் கதையை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.