இனாம் சிகரெட்டு தின்ற குரல்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறேன். "நல்லதை மட்டும் எழுது, யார் மேலும் பழி போடாதே" என்று பெரியவர்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். நல்லதை எழுதியிருக்கிறேன். பழியையும் எழுதியிருக்கிறேன்.

அண்ணன் புளியங்குடியில் பிறந்தார். அப்பா எலுமிச்சை மூடை ஏற்றும் வண்டி ஓட்டியவர். அப்பா காய்ச்சலில் போனபின், அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு அண்ணன் தென்காசிக்கு வந்தார். அப்போது அவருக்கு மீசை அரும்பும் வயது. கையில் தொழில் எதுவும் இல்லை, தொண்டை மட்டும் இருந்தது. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களுக்கு அவர் குரல் கொடுத்தால் நான்கு ரத வீதிக்கும் கேட்கும்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் சிகரெட்டுக் கம்பெனியின் ஏஜண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் பெயரை அச்சேற்றும் மரியாதையை நான் தரப்போவதில்லை. சாரல் காலத்தில் குற்றாலம் அருவிக்கரைச் சாலையில் நின்று, தகரக் குழலில் கூவி, வருவோருக்கெல்லாம் ஆளுக்கொரு சிகரெட்டு இனாமாகக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. அண்ணன் அதுவரை புகையைத் தொட்டதில்லை.

"ஏலே, விக்குதவன் வாயில புகை இல்லன்னா வாங்குதவன் எப்படிலே நம்புவான்? பத்த வை" என்றார் ஏஜண்டு. அண்ணன் பற்ற வைத்தார்.

"குளிருக்கு ஒரு இழுப்பு! முதச் சிகரெட்டு இனாம்!" என்ற அந்தக் கூவல் அருவி இரைச்சலையும் மீறிக் கேட்கும். நனைந்த வேட்டியோடு நடுங்கி வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கை நீட்டினார்கள். அந்தச் சம்பளத்தில்தான் அம்மா கஞ்சி குடித்தார். நான் பயிற்சிப் பள்ளியில் படித்து ஆசிரியை ஆனேன். இதை நான் மறைக்கவில்லை.

சில வருஷங்களில் பொழுது விடிந்ததும் புகை இல்லாமல் அண்ணனால் எழ முடியவில்லை. இருமல் கண்டதும் விட்டுவிடுவதாக அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். இரண்டு நாள் தாங்கினார். மூன்றாம் நாள் நான் வைத்த சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தார். சிறிது நேரத்தில் அவரைத் தேடிப் போனேன். தெருமுனையில் குனிந்து, பிறர் எறிந்த சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "என்னையப் பாக்காத ஏட்டி. அங்கன போ" என்று அழுதார். என் அண்ணனை அந்த நிலையில் பார்த்தவள் நான். யாரை மன்னிக்கச் சொல்கிறீர்கள்?

யுத்தம் தொடங்கிய வருஷம் குரல் கம்மியது. மலையாளக் கரை ஆஸ்பத்திரியில் பார்த்து, தொண்டையில் புற்று என்றார்கள். புகையே காரணமாக இருக்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். திரும்பி வந்தபோது அண்ணனின் குழல் வேறொருவர் கையில் இருந்தது. ஏஜண்டைப் பார்க்க நானும் உடன் போயிருந்தேன்.

"நானா ஒன் வாயில திணிச்சேன்? பத்த வச்சது நீதானலே?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

பதில் சொல்ல அண்ணனுக்குக் குரல் இல்லை. வீட்டுக்கு வந்து என் பள்ளிக்கூடச் சிலேட்டை எடுத்து, "அவனுக்குப் பதில் சொல்லணும்" என்று எழுதினார்.

ஆறு மாதத்தில் வேளை வந்தது. அருவிக்கரையிலேயே நிரந்தரக் கடை போட அந்த ஏஜண்டு பஞ்சாயத்து போர்டில் மனுச் செய்தார். ஆட்சேபம் எழுதிக்கொண்டு நானும் அண்ணனும் போர்டுக் கூட்டத்துக்குப் போனோம்.

"அருவியில குளிக்குதவனுக்குச் சளி பிடிக்காம இருக்க இது மருந்து மாதிரி" என்று ஏஜண்டு மெம்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வாசிக்கத் தொடங்கினேன்.

அவர் சிரித்தார். "பொம்பளய விட்டுப் பேசச் சொல்லுதான். அவனுக்கு வாய் இல்லியா?"

அண்ணன் எழுந்தார். கழுத்தைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். மெம்பர்கள் முன்னால் நின்று, வாயருகே கைகளைக் குவித்து, பழைய கூவலைக் கூவினார். காற்று மட்டும் வந்தது. பிறகு ஒரு கரகரப்பு. பிறகு துண்டில் இரத்தம். அங்கிருந்த ஒவ்வொருவரும் அந்தக் கூவலை வருஷாவருஷம் கேட்டவர்கள்; அவர் வாயசைவிலேயே சொற்கள் அவர்களுக்குத் தெரிந்தன. மூத்த மெம்பர் ஒருவர் தம் சட்டைப் பையிலிருந்த சிகரெட்டுப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

கடைக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அருவிச் சாலையில் இனாம் கொடுப்பதும் கூவி விற்பதும் தடை செய்யப்பட்டன. அடுத்த சாரலுக்குள் கம்பெனி அந்த ஏஜண்டிடமிருந்து ஏஜன்சியைப் பறித்தது. அவர் வீட்டை விற்றுவிட்டுச் சிவகிரிக்குப் போனார்.

செய்தியைக் கேட்ட அன்று அண்ணன் ஒரு கிண்ணம் கஞ்சியை முழுதாகக் குடித்தார். சிலேட்டில், "சந்தோசமா இருக்கு ஏட்டி. பாவமா?" என்று எழுதினார்.

"இல்லண்ணே" என்றேன். இன்றும் அதையே சொல்வேன்.

மார்கழியில் அண்ணன் காலமானார். பதினாறாம் நாள் அந்த மனிதர் மாலையோடு வாசலில் வந்து நின்றார். "தாயி, தெரியாமப் பண்ணிட்டேன்" என்றார். அம்மா வழிவிடச் சொன்னார். நான் கதவைச் சாத்தினேன்.

கடைசி நாள்களில் கஞ்சியை வடிகட்டிக் கொடுத்த அடுத்த வீட்டு ஆச்சிக்கும், உண்மையைச் சொன்ன டாக்டருக்கும், எங்கள் பக்கம் கை தூக்கிய மெம்பர்களுக்கும், காகிதம் கிடைக்காத இக்காலத்தில் இம்மலரை அச்சிட்டுத் தந்த அச்சுக்கூடத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. புளியறைச் சாலையில் இப்போது வேறொரு குழல் கூவுவதாகக் கேள்விப்படுகிறேன். அதற்கும் மனு எழுதிவிட்டேன்.

இம்மலரின் ஒரு பிரதி சிவகிரிக்குப் பதிவுத் தபாலில் போகிறது. அவர் கையெழுத்துப் போட்டுத்தான் அதை வாங்க வேண்டும்.