அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு தரவுத்தளம்

ஓலைத்தொடுவாயில் வேணுஜாவின் வீட்டில் எல்லாருடைய கைபேசியும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கும். அங்கேதான் சிக்னல் பிடிக்கும். தன் கைபேசியிலிருந்து மடிக்கணினிக்கு இணைப்பை எடுத்து, ஆறு வருடமாக ஒரு பல்கலைக்கழகத்தின் தரவுத்தளத்தில் வேலை செய்கிறாள். எந்தக் கலப்புலோகம் எவ்வளவு பாரம் தாங்கும், உப்புத் தண்ணீரில் எவ்வளவு வேகமாக அரிபடும் என்று பல நாடுகளில் சோதித்த விவரங்கள் சேர்ந்து கிடக்கும் தரவுத்தளம் அது. பெரிய பெரிய படங்களோடு திறக்கும். நல்ல இணையம் உள்ளவருக்கே பொறுமை வேண்டும். தீவுப்பக்கத்தில் இருந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டுக் கேட்டே, படமில்லாத இலேசான பக்கம் ஒன்றைக் கட்டும் வேலையைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வயது நாற்பத்திரண்டு, இவ்வளவு ஆசையோடு எதையும் செய்ததில்லை.

அதை முதலில் பாவிக்கப் போகிறவள் எருக்கலம்பிட்டி ஸுஹறா. உப்பளத்துப் பம்புகளுக்கு ஏற்ற உலோகம் தேடும் ஆராய்ச்சி மாணவி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் மூன்று உலோகங்களின் பெயரை அனுப்பினால்தான் பல்கலைக்கழகச் சோதனை இயந்திரத்தில் அவளுக்கு இடம். தவறினால் அடுத்த வருடம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரைக்கு ஸுஹறா அழைத்தாள்.

“அக்கா, சுத்திக்கொண்டே நிக்குது. ஒண்டும் வரேல்லை.”

“இஞ்ச மூண்டு செக்கன்ல வருதே.”

“உங்கட வீட்டில வரும். எங்கட வீட்டிலயெல்லோ வரோணும்.”

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கணவன் மில்ரன் தலையைத் தூக்காமலே சொன்னான்: “அந்தப் பிள்ளைக்கு அலுமாரியையும் ஏத்தி அனுப்பும்.”

சிரிக்கப் போனவள் அப்படியே நின்றாள். இத்தனை மாதமும் அலுமாரியின் மேலே வைத்தே சோதித்திருக்கிறாள். கைபேசியை இறக்கி, குசினித் தரையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒற்றைக் கோடு சிக்னல். பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது.

மடிக்கணினியோடு தரையில் சப்பணம் கட்டினாள்.

“உமக்குக் கதிரை இல்லையே?”

“கதிரைக்குச் சிக்னல் வந்திடும். பேசாமல் இருங்கோ.”

பிழை அகப்பட்டது. கேள்வி கேட்க முதலே பக்கம் ஒன்பதாயிரம் உலோகங்களின் பட்டியலையும் இழுத்துக்கொண்டிருந்தது. அதை வெட்டினாள். கேட்ட பிறகு பத்தே பத்து வரி வந்தால் போதும். விரல்கள் ஓடின. மூன்றரைக்குக் கைபேசியில் பத்து வரியும் பளிச்சென்று விழுந்தன.

“ஸுஹறா, இப்ப திறவுங்கோ. இருந்த இடத்திலயே இருந்து திறவுங்கோ.”

மறுபக்கத்தில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

“வருது அக்கா. வந்திட்டுது. நான் நம்பியிருந்த உலோகம் ஏழாவதா நிக்குது. முதல் மூண்டும் நான் கேள்விப்படாதது.”

“வாசிச்சுக்கொண்டிராமல் அனுப்புங்கோ பிள்ளை.”

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க மறுபடி அழைப்பு வந்தது. “இடம் கிடைச்சிட்டுது அக்கா.” பின்னால் அவளுடைய உம்மா ஏதோ கேட்பதும், எல்லாரும் ஒன்றாகக் கதைப்பதும் கேட்டன.

மில்ரன் எழுந்து கைபேசியை அலுமாரிக்கு மேலே வைக்கப் போனான்.

“அதைத் தொடாதேங்கோ,” என்றாள் வேணுஜா. “இனி எல்லாச் சோதனையும் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலதான்.”