கருத்தம்மாளின் ஞானஸ்நான அங்கி

கருத்தம்மாள் ஆண்டவரிடம் வந்த கதையை அருள்புரத்தில் யார் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் பாஸ்டர் ஆள் மாறி ஜெபம் பண்ணியதிலிருந்துதான் ஆரம்பிப்பாள். அதை விட்டுவிட்டுச் சொன்னால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். நமக்கேன் வம்பு, அங்கிருந்தே தொடங்குவோம்.

அவள் புருஷன் மாரிச்செல்வம் சங்கரன்கோவில் பக்கத்து ஆள். சாயப்பட்டறையில் வேலை. அவன் நிற்கும் இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்காமல் இருக்காது. சூப்பர்வைசர் நடப்பதை அவர் முன்னாலேயே நடந்து காட்டி, அவரையே சிரிக்க வைத்த கில்லாடி. ஒரு நாள் ஈரத்துணியைப் பிழியும் மெஷினுக்குள் வலது கை போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. ஆஸ்பத்திரியில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க, பக்கத்தில் கருத்தம்மாள் அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் செத்துப்போய்விட்டால் என்ன என்று அன்று காலைதான் நினைத்திருந்தாள்.

அப்போது பைபிளும் கையுமாக பாஸ்டர் அருள்குமார் உள்ளே நுழைந்தார். நேராக மாரிச்செல்வத்தின் கட்டிலருகே மண்டிபோட்டார், கண்ணை இறுக்கி மூடினார், "ஆண்டவரே, இந்தச் சகோதரனோட குடல்வாலைத் தொடுங்கப்பா" என்று உரக்க ஆரம்பித்தார்.

குடல்வால் ஆபரேஷன் ஆனவர் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார். "பாஸ்டருங்க, நான் இங்க இருக்கறனுங்க" என்று அவர் முனகியது பாஸ்டர் காதில் ஏறவில்லை. சிறுகுடல், பெருங்குடல் என்று ஒன்றையும் விடாமல் ஜெபித்துக்கொண்டே போனார். கருத்தம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துப் பார்த்தாள். அடங்குவேனா என்றது.

கண்ணைத் திறந்த பாஸ்டர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது. "மன்னிச்சுக்குங்க சிஸ்டர், ஆள் மாறிப்போச்சுங்க. வந்தது வந்துட்டேன், கைக்கும் ஒரு ஜெபம் பண்ணிப் போடட்டுங்களா?" என்றார். பண்ணினார். இந்தத் தடவை அந்த மனுஷன் நிஜமாகவே தேம்பி அழுதார். முன்னே பின்னே தெரியாதவன் கைக்காக ஒருவர் இப்படி அழுவாரா என்று அவளுக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. சாகலாமா என்றிருந்தவளைச் சாயங்காலத்துக்குள் சிரிக்க வைத்த அந்தச் சாமி யாரென்று பார்த்துவிடுவோமே என்று அடுத்த ஞாயிறு சபைக்குப் போனாள்.

நூல் குடோனுக்கு மேலே தகரக் கொட்டகை. அதுதான் சபை. வாரமெல்லாம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் குனிந்து கிடந்த முதுகு, அங்கே போய் நிமிர்ந்து பாடியதும் லேசாகிவிடும். வீட்டுக்கு வந்தால் மறுபடி கனக்கும். மாரிச்செல்வம் அந்தக் கையை பேண்ட் பாக்கெட்டை விட்டு வெளியே எடுப்பதில்லை. டீக்கடைக்குப் போவதில்லை. வேலையைப் பற்றியோ பட்டறையைப் பற்றியோ வாய் திறப்பதில்லை. சிரிப்பு? அதை மறந்துவிடுங்கள். சம்பாதிக்கிற புருஷன் இல்லாமல் அவளால் சமாளிக்க முடிந்தது, சிரிக்கிற புருஷன் இல்லாமல்தான் முடியவில்லை.

ஆகவே ஆண்டவரிடம் ஸ்ட்ரைக் அறிவித்தாள். "அவிய வந்தாத்தான் நானும் முங்குவேன். ரெண்டு பேரும் சேந்துதான் ஞானஸ்நானம். இல்லைன்னா கிடையாது, சொல்லிட்டேன்" என்று தினமும் ஜெபத்தில் கறாராகப் பேசினாள். கூட முழுகப் பெயர் கொடுத்தவர்களெல்லாம் முழுகி எழுந்து வந்து பல மாதமாகியும் இவள் கரையிலேயே நின்றாள். ஆண்டவரும் அசையவில்லை, மாரிச்செல்வமும் அசையவில்லை.

ஸ்ட்ரைக் முடிந்தது கம்பெனியில். டி-ஷர்ட் தோளை இணைத்துக்கொண்டிருக்கையில் சட்டென்று ஒன்று உறைத்தது. நான் ஆண்டவரை விரும்பித்தான் போகிறேனா, இல்லை புருஷனைச் சரிபண்ணித் தரும் மெக்கானிக் என்று நினைத்துப் போகிறேனா? அவளுக்கு வெட்கமாகிவிட்டது. மெஷினை நிறுத்தாமலே, "சரி சாமி, அவிய வராங்களோ வரலையோ, நான் உம்மகிட்ட வாரேன்" என்றாள். மனசு பஞ்சாய்ப் போனது. அன்று தைத்ததில் ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை, சத்தியம்!

ஞானஸ்நானத்துக்குச் சபையில் வெள்ளை அங்கிகள் உண்டு. ஒன்றும் கருத்தம்மாளுக்குப் பற்றவில்லை. நம்மாள் கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள், அதிலென்ன? தானே தைக்கிறேன் என்று காதர்பேட்டையில் மிச்சத்துணி வாங்கி வந்தாள். வழவழவென்று, பளபளவென்று, பால் மாதிரி வெள்ளை. தொட்டதும் மயங்கிவிட்டாள். நனைந்தால் உடம்பு தெரியக்கூடாதே என்று இரட்டைத் துணியாக, முழுக்கை வைத்து, கணுக்கால்வரை தைத்தாள். டைலருக்குத் தெரிந்ததெல்லாம் காய்ந்த துணிதான். நனைந்த துணியின் குணம் சாயப்பட்டறைக்காரனுக்குத்தான் தெரியும். அவனோ அவள் தைத்த இரண்டு நாளும் சுவரைப் பார்த்தபடி போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

உடுமலைப்பேட்டை தாண்டி, சபைக்காரர் நஞ்சப்பனின் தென்னந்தோப்பு. அங்கே படி இறக்கிய பெரிய தண்ணீர்த் தொட்டியில்தான் ஞானஸ்நானம். வேனில் மாரிச்செல்வமும் வந்தான். மதியம் மட்டன் பிரியாணி என்று யாரோ சொன்னதுதான் காரணம், வேறெதுவும் இல்லை. தள்ளி ஒரு மர நிழலில், கையைப் பாக்கெட்டில் விட்டபடி நின்றான்.

"புதுப் பேர் ஏதாச்சும் வெச்சுக்கறீங்களா சிஸ்டர்?" என்று தண்ணீருக்குள் நின்ற பாஸ்டர் கேட்டார்.

"வேண்டாம் பாஸ்டர். கருத்தம்மான்னு கூப்பிட்டாத்தான் நான் திரும்பிப் பாப்பேன். ஆண்டவருக்கும் அதான் பழக்கம்."

பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் முங்கினாள். எழுந்தாள். ஆகா, அந்த நிமிஷம்! தென்னை ஓலையெல்லாம் கைதட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. "அல்லேலூயா!" என்று இரண்டு கையையும் தூக்கினாள். கை மேலே போனது, ஒரு முழம் நீண்டு தொங்கிய சட்டைக்கை சுழன்று வந்து பாஸ்டர் முகத்தில் சப்பென்று அறைந்தது. கண்ணாடி தண்ணீருக்குள் போயேபோய்விட்டது.

அவள் ஒரு படி ஏறினாள். அங்கி ஏறவில்லை. இன்னொரு படி ஏறினாள். அங்கியின் விளிம்பு இன்னும் தொட்டியின் அடியிலேயே கிடந்தது.

"ஏனுங்க, துணி வளருதுங்க!" என்று நஞ்சப்பன் அலறினார்.

கைத்தாங்கலாகப் பிடிக்க வந்த பாஸ்டர் கண்ணாடியில்லாமல் அங்கியையே மிதித்தார். இரண்டு பேரும் தொபுக்கடீரென்று தண்ணீரில் விழுந்தார்கள். எழ எழ அந்த வெள்ளைத் துணி இருவரையும் சுற்றிக்கொண்டது. உள்ளே சுடிதார் போட்டிருந்தாளோ, மானம் பிழைத்ததோ! பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை விடவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் தவித்தார்கள். கருத்தம்மாளுக்கு மூச்சு முட்டியது. கனமோ கனம், ஆளையே கீழே இழுத்தது.

"ஏட்டி! விஸ்கோஸ்டி அது! தண்ணி பட்டா இழுக்கும், கனக்கும்! அதப் போயி ரெட்டையாவா தைப்பாவ?"

மாரிச்செல்வத்தின் குரல். அடுத்த நொடி அவன் தொட்டிக்குள் குதித்து முங்கி எழுந்தான். வலது கை பாக்கெட்டில் இல்லை. இத்தனை சனத்துக்கு முன்னால், மிஞ்சிய இரண்டு விரலையும் இடுக்கிபோல வைத்துத் துணியைச் சுருட்டினான், முறுக்கினான், பிழிந்தான்.

"பாஸ்டர், அந்த முனையப் பிடிங்க. அப்படியில்ல, முறுக்குங்க! இன்னும்! என்ன, காலையில சாப்பிடலியா?"

"பிடிச்சிருக்கறனுங்க, முறுக்கறனுங்க" என்று பாஸ்டர் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர் மாதிரி பம்பரமாகச் சுழன்றார். முறுக்கிய அங்கியின் ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் மாரிச்செல்வம், நடுவில் கருத்தம்மாள், வாலைத் தூக்கிக்கொண்டு பாஸ்டர் என்று ஊர்வலமாகக் கரையேறினார்கள். கரையில் நின்று திரும்பிப் பார்த்த மாரிச்செல்வம், பாஸ்டர் கண்ணாடியில்லாமல் தடவித் தடவி நடப்பதைக் கண்டான். அவனும் அப்படியே தடவித் தடவி நாலு எட்டு நடந்து காட்டினான். பிறகு வெடித்துச் சிரித்தான். தோப்பே சிரித்தது. பாஸ்டர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். கருத்தம்மாள் சிரித்தாளா அழுதாளா என்று கேட்டால் இரண்டையும்தான், வேறென்ன செய்வாள்?

ஈரம் சொட்டச் சொட்ட எல்லாரும் பிரியாணிக்கு உட்கார்ந்தார்கள். மாரிச்செல்வம் பாஸ்டர் பக்கம் திரும்பினான். "பாஸ்டர், நானும் முங்கித்தான எந்திரிச்சேன். அது கணக்குல வராதுல்லா?"

"வராதுங்க பிரதர். நீங்க துணிக்காக எறங்குனீங்க."

"அதான் கேட்டேன்." அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி அதட்டினான். "ஏட்டி, எனக்கு அங்கி தைக்கும்போது துணிய நாந்தான் எடுப்பேன். நீ கடைப்பக்கமே வரப்படாது, ஆமா."

கருத்தம்மாள் வாயில் வைத்த கறித்துண்டை மெல்லவும் மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.